பெயர் பொறிக்காத பதக்கம்

வரைபடத்தில் ஹோ சி மின் நகரம். இறங்கிவிட்டால் டாக்சிக்காரர் முதல் தெருவோரக் காப்பிக்காரர் வரை எல்லோருக்கும் அது சைகோன். குரும்பகரத்தில் இருக்கும் எங்கள் அத்தைக்கும் சைகோன்தான். திருச்சியில் விமானம் ஏறுமுன் போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாமா இருந்த ஊரு தம்பி. நல்லாப் பாத்துட்டு வா."

மாமா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாகப் போனவர். காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுச் சிப்பாய்க்கு அதுதான் பெயர். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நெடுங்காட்டை ஒட்டி வயல் சூழ்ந்து கிடக்கும் எங்கள் கடைமடை ஊரிலிருந்து கும்பகோணத்துக்குப் போவதே ஒரு காலத்தில் பயணம். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1940களின் கடைசியில் கப்பலேறி, மேகோங் ஆற்றுப் படுகையில் இன்னொரு கடைமடையைக் காவல் காத்துவிட்டு வந்தார் என்பது எனக்கு வெகுநாள் கதையாகவே இருந்தது. சைகோன் அதைக் கதையிலிருந்து இறக்கிக் கையில் கொடுத்தது.

கொடுத்த இடம் ஒரு குட்டித் தெரு. பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். நுண்கலை அருங்காட்சியகத்தின் அருகில், லே கோங் கியூ தெரு. இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். நீலப் பூப்போட்ட பீங்கான், மரப் புத்தர், ஓடாத கடிகாரம், அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர் வெட்டிய ஸிப்போ லைட்டர்கள். லைட்டர்களில் பெரும்பாலானவை புதிதாகச் செய்து பழசாக்கியவை என்பது ஊரறிந்த ரகசியம். அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு கடையில் கண்ணாடி போட்ட தட்டில் நாணயங்களோடு பதக்கங்கள் கலந்து கிடந்தன. அதில் ஒன்றின் ரிப்பன் வெளிர் நீலமும் வெள்ளையுமாக வெளுத்திருந்தது. அந்த நீலத்தை நான் குரும்பகரத்தில் பார்த்திருக்கிறேன், அத்தையின் டிரங்குப் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில்.

கடைக்கார அம்மாள் எடுத்துக் கையில் கொடுத்தார். பெரிய காசு அளவு. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண் முகம், சுற்றிலும் பிரெஞ்சுக் குடியரசு என்ற எழுத்து. மறுபக்கம் பூமி உருண்டை, அதன் கீழ் குவித்துவைத்த ஆயுதங்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு அரசு தன் எண்ணத்தை உலோகத்தில் அடித்துக் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் அத்தையை அழைத்து கேமரா முன் பிடித்தேன்.

"இதே மாதிரிதானே அத்தை?"

"பின்னாடி திருப்பு... ஆமா, அதேதான். மாமாவோடது இத்தனை கறுப்பில்லை. நான் வருசத்துக்கு ஒருதரம் விபூதி போட்டுத் தேச்சு வைப்பேன்ல."

பழம்பதக்கம் சேகரிப்பவர்கள் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். தேய்க்கத் தேய்க்க உருவம் மழுங்கும், விலை இறங்கும். அத்தைக்கு அதை விற்கும் எண்ணமே இல்லை என்பதால் விபூதியே சரி.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. "அது யாரோடது, பேரு போட்டிருக்கா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் இல்லை, முதுகில் இல்லை, விளிம்பில் இல்லை. கடைக்கார அம்மாள் இதற்குள் கால்குலேட்டரில் விலையைத் தட்டி என் முன் நீட்டினார். பூஜ்யங்களை எண்ணி முடிப்பதற்குள் அவரே அழித்துவிட்டுக் குறைத்துத் தட்டினார். நான் வாங்கவில்லை. யாருடையது என்று தெரியாத ஒன்றை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது?

பெயர் இல்லாதது அந்தக் கடைச் சரக்கின் குறையில்லை. பிரெஞ்சுப் போர்ச்சேவைப் பதக்கங்கள் பொதுவாகப் பெயரில்லாமலே தரப்பட்டவை. காலனிப் பதக்கம் எனப்படும் இந்த நீல ரிப்பன் பதக்கம் 1893 ஜூலை 26ஆம் தேதிச் சட்டத்தால் வந்தது. வடித்தவர் ஜார்ஜ் லெமேர் என்ற சிற்பி. கடல் கடந்த நாடுகளைப் பிடிப்பதிலும் பிடித்ததைக் காப்பதிலும் நடந்த படைநடவடிக்கைகளுக்கு உரியது. எந்த நாடு என்பதை ரிப்பனில் கோக்கும் சின்னத் தகடு சொல்லும். அல்ஜீரியா, துனீசியா, மொரோக்கோ, சஹாரா, தாஹோமே, மடகாஸ்கர், தோன்கின், கொச்சின்சீனா என்று நீளும் தகடுகளை வரிசையாக அடுக்கினால் பிரான்ஸ் உலகத்தில் எங்கெங்கே கால் வைத்தது என்பதற்கு வேறு அட்லஸ் தேவையில்லை. மாமாவின் ரிப்பனில் இருக்கும் தகடு 'தூரக் கிழக்கு' என்கிறது. இந்தோசீனாவின் கடைசிக் காலத் தகடு அது.

இந்தோசீனப் போருக்கென்றே தனியாக இன்னொரு பதக்கமும் 1953 ஆகஸ்டில் வந்தது. பச்சை மஞ்சள் ரிப்பன். முகத்தில் மூன்று தலை யானை, குடை, ஏழு தலை நாகம். தொண்ணூறு நாள் அந்த மண்ணில் பணியில் இருந்தால் போதும். மாமாவுக்கு அது எப்படி வந்தது என்று நான் சிறுவயதில் கேட்டதுண்டு. "சும்மா இருந்ததுக்குக் குடுத்தான்" என்பார். கிடங்கில் கணக்கெழுதும் வேலை அவருக்கு. சுட்ட தோட்டாவைவிட எண்ணிய அரிசி மூட்டைகளே அதிகம் என்று சிரிப்பார். வீரக்கதை கேட்க உட்கார்ந்த எங்களுக்கு ஏமாற்றம்தான். இப்போது யோசித்தால், ஓர் ஆக்கிரமிப்பு எப்படி நடக்கிறது என்பதை அவரைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாட்டைப் பிடிக்கச் சுட வேண்டும். பிடித்து வைத்திருக்க ஆட்கள் சும்மா அங்கே இருக்க வேண்டும், அவர்களுக்கு அரிசி வர வேண்டும், கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதை ஒளிக்கவே இல்லை. 1946இல் அவர்கள் ஏற்படுத்திய பதக்கத்தில் 'ஆக்கிரமிப்புப் படை' என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் ஜெர்மனியின் ரைன் நதி மீதிருந்த ரேமாகன் பாலம், மறுபக்கம் ஜப்பானின் ஃபியூஜி மலையும் இரண்டு படகுகளும். தோற்ற நாட்டில் தொடர்ந்து முப்பது நாள் பணியில் இருந்தவருக்கு அது உண்டு. பெர்லினில் காவலிருந்த படையினருக்கு 1990 அக்டோபர் வரை, போர் முடிந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் வேறு மாதிரி. அவர்கள் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பினால் படை எண், பதவி, பெயர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். 1900இல் சீனத்துக்கு அனுப்பிய படையில் மெட்ராஸ் சாப்பர்களும் போனார்கள். அந்தப் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளி. சுமை தூக்கியவருக்கும் குதிரை மேய்த்தவருக்கும் வெண்கலம். உலோகத்தில் சாதி பார்த்தவர்கள், விளிம்பில் அந்தக் கூலிகளின் பெயரையும் பதித்தார்கள். எவர் பேரனாவது லண்டன் ஏலத்தில் தன் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் காரைக்கால் பேரன்களுக்கு அந்த வழி கிடையாது.

அன்று மாலை மத்திய தபால் நிலையத்துக்குப் போனேன். 1886க்கும் 1891க்கும் நடுவே பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. ரயில் நிலையம்போல் உயர்ந்த வளைவுக் கூரை. உள்ளே நுழைந்ததும் இரு சுவர்களிலும் ஆள் உயரத்தைத் தாண்டிய பழைய வரைபடங்கள். ஒன்று 1892ஆம் ஆண்டுச் சைகோனும் சுற்றுப்புறமும். மரக் கூண்டுகளாக நிற்கும் தொலைபேசி அறைகளின் வரிசை, அதன் நடுவே செல்ஃபி எடுக்கும் கூட்டம். காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் கடிதமும் பணமும் இந்தக் கவுன்டர்கள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

போனவர்கள் சொல்தாக்கள் மட்டும் இல்லை. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக் கைக்கு வந்தது. 1859இல் சைகோனைப் பிடித்தார்கள். 1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் சாதிச் சம்பிரதாயச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற தமிழர்களுக்குப் புதுக் குடும்பப் பெயரும், கொச்சின்சீனா எனப்பட்ட தென் வியட்நாமில் அரசு வேலையும் கிடைத்தன. சுங்கம், காவல், தபால், வரி வசூல், சிறைக் காவல் எல்லாவற்றிலும் நம்மாட்கள். வட்டித் தொழிலுக்கு நகரத்தார் வந்தார்கள், துணிக் கடைக்குக் கடலோர முஸ்லிம்கள் வந்தார்கள். தோங் தூ தெருவில் 1935இல் எழுந்த பள்ளிவாசலும், தோன் தாத் தியேப் தெருவின் தெண்டாயுதபாணி கோவிலும், த்ரூவோங் தின் தெருவின் மாரியம்மன் கோவிலும் அவர்கள் விட்டுப்போனவை.

மாரியம்மன் கோவிலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கோபுரம், கொடிமரம், வேப்பிலைக்காரி எல்லாம் நம்முடையவை, கும்பிடுகிறவர்கள் வியட்நாமியர்கள். ஊதுபத்திக் கட்டைத் தலைக்குமேல் உயர்த்தி வணங்குகிறார்கள். பிறகு கருவறைக்குப் பின்னால் போய்க் கருங்கல் சுவரில் நெற்றியையும் இரு கைகளையும் பதித்து, உதடு கல்லில் படுகிற அளவுக்கு நெருங்கி, முணுமுணுவென்று வேண்டுகிறார்கள். அலுவலக உடையில் வந்த ஓர் இளம்பெண் அப்படி ஐந்து நிமிடம் நின்றாள்; ஹெல்மெட் முழங்கையில் தொங்கியபடி இருந்தது. அம்மனுக்கு எந்த மொழியில் சொன்னாலும் கேட்கும் என்பதில் அந்தப் பெண்ணுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சைகோனில் தமிழர் விட்டுச்சென்றவற்றில் யாரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது இந்த மாரியம்மன் ஒருத்தியைத்தான் என்று பட்டது.

ஏனென்றால் மற்றக் கணக்கு அவ்வளவு இதமானதில்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று நேதாஜி இந்தச் சைகோன் விமானநிலையத்தில்தான் கடைசிப் பயணத்துக்கு ஏறினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 13 அன்று அதே தான் சன் நுட் நிலையத்தில் பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் டக்ளஸ் கிரேசி இறங்கினார். பின்னால் வந்தது 20ஆவது இந்திய டிவிஷன். தோற்ற ஜப்பானியரின் ஆயுதத்தைக் களைவது மட்டுமே வேலை என்று சொல்லப்பட்டது. ஹனோயில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனம் செய்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. சைகோனில் கிரேசி, சிறையிலிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களை விடுவித்து ஆயுதம் கொடுத்தார். செப்டம்பர் 23 விடியற்காலையில் நகர மண்டபமும் மற்ற அரசுக் கட்டடங்களும் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசமாயின. எதிர்த்த வியட்நாமியரை அடக்க இந்தியச் சிப்பாயும், ஆயுதம் களையப்பட வேண்டிய ஜப்பானியச் சிப்பாயும் சேர்ந்தே அனுப்பப்பட்டார்கள். நேரு கொதித்துப் பேசினார், பலனில்லை. 1946 ஜனவரி 28 அன்று கிரேசி பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார்.

அந்த மாதங்களுக்கும் பதக்கம் உண்டு. பிரிட்டிஷ் ஜெனரல் சர்வீஸ் மெடலில் 'தென்கிழக்கு ஆசியா 1945–46' என்ற தகடு. ஊதா ரிப்பன், நடுவே பச்சைக் கோடு, விளிம்பில் பெயர். ஆக, சைகோனை வாங்கிக் கொடுத்த இந்தியனுக்கு ஒரு ரிப்பன், வாங்கியதைக் காவல் காக்க வந்த குரும்பகரத்துக்காரனுக்கு இன்னொரு ரிப்பன். இருவர் ஊர்களும் அப்போது வெவ்வேறு வெள்ளைக்காரன் கொடியின்கீழ் இருந்தன. தன் வீட்டுச் சாவியே கையில் இல்லாத இருவரை அடுத்தவன் வீட்டு வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

இதற்காக மாமாவைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை. பட்டாளத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் சம்பளமும் உண்டு. ஆனால் ஜூலை 14 வந்தால் காரைக்கால் போர் நினைவுச்சின்னத்தில் மாலை போட்டு, நெஞ்சில் பதக்கம் மின்ன நிற்கும் பெரியவர்களை வெறும் அழகுக் காட்சியாக நம் பத்திரிகைகள் படம் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. அந்த ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடும் அதன் ஆட்களும் இருந்தார்கள்.

போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தில் இதை நெருங்கி யோசித்த ஒருவரைப் பார்த்தேன். வில்லியம் பிரவுன் என்ற அமெரிக்க சார்ஜென்ட் தன் பதக்கங்களை ஒரு பலகையில் பதித்து வியட்நாம் மக்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் செய்தது தவறு, வருந்துகிறேன் என்ற பொருளில் கீழே ஒரு வரி, அதோடு அவர் பெயரும் படைப்பிரிவும். கூட்டம் குண்டுவீச்சுப் படங்களிடம் நகர்ந்துவிடுகிறது. நான் அங்கே அதிக நேரம் நின்றேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றினாலும் அதற்கும் பெயர் தேவைப்படுகிறது. லே கோங் கியூ தெருவின் தட்டில் கிடந்ததற்கு அதுகூட இல்லை.

ஒரே பதக்கம், ஒரே கூலி என்றும் இல்லை. 1954 நவம்பரில் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுதாக வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அதே 1962 ஜூனில் பிரான்ஸ் தன் காலனிப் பதக்கத்துக்கு 'கடல்கடந்த பதக்கம்' என்று பெயர் மாற்றியிருந்தது. ஊர் கை மாறிய அந்த நேரத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். முழு ஓய்வூதியம் வந்தது, மாடி வீடு எழுந்தது. இன்றும் விதவை ஓய்வூதியம் வாங்கும் அத்தைக்கு யூரோ என்ன விலை என்பது காலையில் பால் விலைக்கு முன் தெரிந்தாக வேண்டும். ஆப்பிரிக்காவில் இதே தகட்டுப் பதக்கம் வாங்கியவர்கள் கதி வேறு. 1959 டிசம்பரில் நிறைவேறிய பிரெஞ்சு நிதிச் சட்டம் ஒன்று, தனிநாடாகிப் போனவற்றின் பழைய வீரர்களுக்கு ஓய்வூதியத்தை அன்றிருந்த தொகையிலேயே உறையவைத்தது. 2006இல் வெளியான 'அந்தீழேன்' என்ற திரைப்படம் பிரான்சை உலுக்கிய பிறகு ஒரு பகுதி சரிசெய்யப்பட்டது. மீதிப் பாகுபாட்டை 2010இல் அரசியல் சாசன மன்றம் செல்லாதென்றது. அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் குரும்பகரத்துக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பதக்கத்தோடு ஒரு சின்னப் பழுப்பு நிறப் புத்தகம் இருந்தது, மாமாவின் படைப் பணிக் கையேடு. படை எண், சேர்ந்த நாள், ஏறிய கப்பல், இருந்த முகாம், பதக்கம் கொடுத்த உத்தரவு எண் எல்லாம் மையில் எழுதி முத்திரையிட்டிருக்கிறார்கள். நடுத்தாளில் கறையான் ஓர் ஓரத்தைத் தின்றிருந்தது. அதே தெருவில் இன்னொரு வீட்டில் பதக்கம் இருக்கிறது, புத்தகம் இல்லை. வெள்ளையடிக்கும்போது பழைய காகிதத்தோடு போட்டுவிட்டார்களாம். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள். தாத்தா எங்கே இருந்தார் என்று கேட்டால் "வெளிநாட்டில்" என்கிறார்கள்.

அத்தையின் அனுமதியோடு கையேட்டின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து, பதக்கத்தை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, மூடியின் உட்புறம் மாமாவின் பெயரையும் எண்ணையும் எழுதி ஒட்டினேன்.

நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரி, நிரவி என்று எந்தப் பக்கமாக இருந்தாலும், உங்கள் வீட்டில் இப்படி ஒரு வட்டத் தகடு இருந்தால் அதற்கு இதைச் செய்யுங்கள். விளிம்பைச் சுரண்டிப் பெயர் வெட்ட வேண்டாம்; ஒரு துண்டுக் காகிதம் போதும். கையேடு தொலைந்திருந்தால் பிரான்சின் தெற்கில் போ நகரத்திலுள்ள படைப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்குப் பெயரும் பிறந்த தேதியும் ஊரும் குறிப்பிட்டு எழுதுங்கள். பணிக் குறிப்பு அங்கேதான் இருக்கும். போரில் இறந்தவராக இருந்தால் 'மெமுவார் தெஸோம்' என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் பெயரைத் தேடலாம், கட்டணம் இல்லை. சைகோனில் எந்த முகாமில், எந்த ஆண்டில் என்று கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.